உயிரொளிர்வு: அது பாஸ்பரஸ் இல்லீங்க

ராத்திரில கடல் நீலமா மின்னுற வீடியோ சுத்த ஆரம்பிச்சாப் போதும், எங்க கோயமுத்தூர் பக்கத்து வாட்ஸப் குரூப்புல "கடல்ல பாஸ்பரஸ் கலந்திருக்கு"ன்னு ஒரு விளக்கமும் கூடவே வந்துருதுங்க. 2023 அக்டோபர்ல சென்னை ஈசிஆர் பக்கம் அலை நீலமா அடிச்சப்பவும் இதேதான். டாக்குமெண்டரி தமிழாக்கத்துலயும் இதே பாஸ்பரஸ்தான். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு.

அது உயிரிகளே உண்டாக்கற வெளிச்சங்க, இங்கிலீஷ்ல பயோலூமினசென்ஸ். அதுல பயோஸ் கிரேக்கம், உயிர். லூமென் லத்தீன், வெளிச்சம். தமிழ்ல உயிரொளிர்வு. கடல்ல இப்படி மின்னுறது தண்ணியோட மிதந்து போற பிளாங்க்டன், கிரேக்கத்துல அலைஞ்சு திரியறதுன்னு அர்த்தம், நாம மிதவை உயிரிங்கறோம், அது போதும்.

பாஸ்பரஸ்ங்கற கிரேக்கச் சொல்லுக்கு ஒளியைக் கொண்டு வர்றதுன்னு அர்த்தம், வெள்ளை பாஸ்பரஸ் காத்துபட்டா இருட்டுல மங்கலா ஒளிரும், அதனால இருட்டுல மின்னுன எதுக்கும் அந்தப் பேரையே வச்சுட்டாங்க, அதுல கடலும் மாட்டிக்கிச்சு. பாஸ்பரசென்ஸுக்கு நின்றொளிர்தல்னு தமிழ் இருக்கு, சிலர் அதைக் கடலுக்கும் போடறாங்க, அதுவும் தப்புங்க. வெளிச்சத்தை வாங்கி வச்சு அப்புறம் மெதுவா விடறதுதான் நின்றொளிர்தல். கடல்ல மின்னுற நாக்டிலூக்கா ஒத்தை செல் உயிரி, அலை உடைஞ்சாலோ துடுப்பு பட்டாலோ அதுக்குள்ள லூசிஃபெரின்ங்கற பொருள் லூசிஃபெரேஸ் நொதியால ஆக்சிஜனோட சேர்ந்து கண்சிமிட்டற நேரத்துக்கு நீலமா மின்னும். பகல்ல வாங்குன வெயில் இல்லீங்க, அது தானே உண்டாக்கற வெளிச்சம்.

நம்ம டாப்ஸ்லிப் பக்கம் உலாந்தி சரகத்துல 2022ல மின்மினிக கூட்டங்கூட்டமா ஒரே தாளத்துல மின்னுச்சே, மரத்துல பாஸ்பரஸ்னு யாராச்சும் சொன்னாங்களா? லூசிஃபெரின் வகைதான் வேற, அதுவும் உயிரொளிர்வுதான்.

"ஒளிரும் பாசி"ன்னு எழுதறதும் சரியில்லை. நாக்டிலூக்கா தனக்குன்னு சாப்பாடு தயாரிக்காது, சின்ன உயிரிகளப் பிடிச்சு முழுங்கும். நம்ம கடல்ல இருக்கற பச்சை வகைக்குள்ள குட்டிப் பாசிக குடியிருக்கும், அதுக்காக அதையே பாசின்னுட முடியாது. பயோலூமினசென்ஸுக்கு "உயிரி ஒளி உமிழ்வு"ன்னு போட்டா அர்த்தத்துல தப்பில்லை, ஆனா மூணு சொல்லு, அதுலயும் உமிழ்வுன்னா இப்ப எல்லாருக்கும் கார்பன் புகைதான் ஞாபகம் வருது. உயிரொளிர்வுன்னா அப்படியே உயிரொளிரின்னு அந்த உயிரிக்கும் பேர் கிடைச்சிருது. டாக்குமெண்டரி மொழிபெயர்க்கறவங்க அகராதில முதல்ல கண்ணுல பட்ட அர்த்தத்த எடுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க, அந்த ஜீவன் என்ன செய்யுதுன்னு ஒரு பத்தி படிச்சிருந்தாலே இந்தப் பாஸ்பரஸ் உள்ள வந்திருக்காதுங்க.