கை நடுங்கவில்லையே, அப்புறம் எப்படி பார்கின்சன்?

போன வாரம் வந்தவர் எட்டு மாதமாக வலது தோள்வலிக்கு அலைந்திருக்கிறார். எக்ஸ்ரே, ஸ்கேன், இரண்டு ஊசி, சுவரில் விரலை ஏற்றி இறக்கும் பயிற்சி எல்லாம் ஆயிற்று. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள்மூட்டு இறுகிப்போவது, என்று சீட்டில் எழுதியிருந்தது. வராந்தாவில் ஒருமுறை நடந்துவிட்டு வரச் சொன்னேன். இடது கை வீசிக்கொண்டு வந்தது. வலது கை இடுப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவரை நடக்கச் சொல்லவில்லை!

“இது பார்கின்சன், உடல் அசைவைக் கெடுக்கும் மூளை நோய்” என்றேன். “கைதான் நடுங்கவில்லையே?” என்றார் அவர் மகன். இதை எத்தனை முறைதான் கேட்பது! நடுக்கமே இல்லாமலும் பார்கின்சன் வரும். நடுங்குவதெல்லாம் பார்கின்சனும் அல்ல. தசை இறுக்கமும் அசைவின் மந்தமும் முதலில் ஒரு பக்கத்துத் தோளில் வலியாகத் தெரிவது எங்களுக்குப் பழகிய கதை. அதற்காகத் தோள் வலிக்கிற எல்லோரும் பயந்து ஓடி வர வேண்டாம். வலிக்கிற பக்கத்துக் கை வீசவில்லை, கையெழுத்து சிறுத்துவிட்டது, பொத்தான் போட நேரமாகிறது என்றால் வாருங்கள்.

1817இல் இந்த நோயை முதலில் விவரித்த ஜேம்ஸ் பார்கின்சனே புலன்களுக்குப் பழுதில்லை என்றுதான் எழுதினார். அவர் பார்த்தது ஆறே பேர், அதிலும் சிலரைத் தெருவில் வைத்து. அவரை மன்னித்துவிடலாம். இன்றைக்கும் அதையே நம்புகிறவர்களை என்ன சொல்ல?

புலன்களும் கெடும். வாசனை போவது பல வருடம் முன்பே தொடங்கிவிடும். நோயாளியைக் கேட்டால் “மூக்கு நல்லாத்தான் இருக்கு” என்பார். நான் மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். அடுப்பில் கருகியது அவருக்குத் தெரியவேயில்லை என்ற கதை அங்கிருந்துதான் வரும். போன வாசனையை மாத்திரை மீட்டுத் தராது. அதனால் கேஸ் கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள்.

பார்கின்சனுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரா? விடியற்காலையில் பாதம் உள்பக்கம் முறுக்கிக்கொண்டு கட்டைவிரல் மேலே தூக்கி நிற்கிறதா? எரிச்சலோ மரத்துப்போவதோ அடுத்த மாத்திரை நேரம் நெருங்கும்போது வருகிறதா? மருந்தின் வீரியம் இறங்குகிறது என்று அர்த்தம். வலி மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு வலி என்று ஒரு வாரம் எழுதிக் கொண்டுவாருங்கள், போதும். நேரத்தோடு சம்பந்தமில்லாமல் கால் எரிந்தால் சர்க்கரையையும் வைட்டமின் பி12ஐயும் பார்க்க வேண்டும். பார்கின்சனுக்கு முக்கிய மருந்தான லெவோடோபா சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், கொப்புளத்தோடு வருகிறீர்கள்.

இன்னொன்று, யாருமே தானாகச் சொல்லாதது. பின்னால் யாரோ நிற்பதுபோலவும், ஓரக்கண்ணில் ஏதோ கடந்து போனதுபோலவும் சிலருக்குத் தோன்றும். பைத்தியம் என்பார்களோ என்று மறைத்துவிடுகிறார்கள். ஐயா, அம்மா, தயவுசெய்து சொல்லுங்கள். இதற்கு நோயும் காரணமாகலாம், நாங்கள் கொடுத்த மருந்தும் காரணமாகலாம். எதைக் குறைப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதீர்கள்.