சகோதர இரட்டையராம்! ஆர் கண்டுபிடிச்ச சொல்லு இது?

"சகோதர இரட்டையர் பரம்பரையா வரலாம்" எண்டு இப்ப எந்த ஹெல்த் வீடியோவைத் திறந்தாலும் சொல்லுகினம். ரெண்டு தனித்தனி முட்டையில உருவாகிற இரட்டையரைத்தான் இப்பிடிச் சொல்லுகினம். விசயம் சரிதான், சொல்லுத்தான் கண்டறியாத சொல்லு. திருகோணமலை உப்புவெளியில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைத்தாச்சி இதைக் கேட்டுப்போட்டு "அப்ப ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளையா இருந்தாத்தானோ?" எண்டு கேட்டவ. அவவில என்ன பிழை?

இங்கிலீசில ஃபிரட்டர்னல் ட்வின்ஸ். லத்தீனில ஃபிராட்டர் எண்டா அண்ணன் தம்பி. அவ்வளவுதான் கதை, அதை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து தமிழில போட்டாச்சு. போடேக்குள்ள சகோதரம் எண்டா என்ன எண்டாவது யோசிச்சிருக்கலாம். அது வடமொழி, உதரம் எண்டா வயிறு, ஒரே வயித்தில பிறந்த ஆக்கள்தான் சகோதரம். அப்ப சகோதர இரட்டையர் எண்டா ஒரே வயித்தில பிறந்த இரட்டையர். வேற வேற வயித்தில பிறந்த இரட்டைப் பிள்ளையளை நீங்க எங்கயாவது கண்டிருக்கிறீங்களோ? அதோட, ஒரே முட்டை பிரிஞ்சு அச்சில வார்த்த மாதிரி வாற இரட்டையர் மட்டும் சகோதரம் இல்லையாமோ?

சிலபேர் "இருகரு இரட்டையர்" எண்டு எழுதுகினம். இது கொஞ்சம் பரவாயில்லை, ஆனா ஒரு முட்டை பிரிஞ்சு வந்தாலும் கடைசியா வயித்துக்குள்ள இருக்கிறது ரெண்டு கருத்தானே, பிறகு என்ன வித்தியாசம்? "ஒத்த இரட்டையர், ஒவ்வா இரட்டையர்" எண்டுறதும் முகத்தைப் பாத்து வைச்ச பேர். ரெண்டு முட்டையில வந்ததுகளும் சிலநேரம் நல்லாவே முகச்சாயல் ஒத்துப்போகும், அதுகளை எதில சேக்கிறது?

இவ்வளவுக்கும் நல்ல சொல்லு எங்கட சயன்ஸ் புத்தகத்திலயே கிடக்கு. கருக்கட்டின முட்டைக்கு இலங்கையில நாங்க படிச்சது நுகம் எண்டு. இங்கிலீசில இதுக்குச் சொல்லுற சைகோட் எண்டுற சொல்லுக்கும் கிரேக்கத்தில அடி நுகம்தான், ரெண்டைப் பிணைக்கிறது. தம்பலகாமத்து வயலில இப்ப லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடினாலும், ரெண்டு மாட்டுக் கழுத்தில வைச்சுக் கட்டுற தடியை அங்கத்தைப் பெரிய ஆக்களிட்டக் கேட்டா நுகம் எண்டுதான் சொல்லுவினம். அப்ப ஒருநுக இரட்டையர், இருநுக இரட்டையர். வீட்டில கதைக்க இது பாரமா இருந்தா ஒருமுட்டை இரட்டை, இருமுட்டை இரட்டை எண்டு சொல்லுங்கோ, ஆருக்கும் விளங்கும்.

நான் ஏன் இந்த முட்டையில தொங்கிக்கொண்டு நிக்கிறன் எண்டா, பரம்பரைக் கதை முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. ஒருமுட்டை இரட்டை எண்டுறது ஒரு நுகம் தற்செயலாப் பிரியிறது, 1000 பிரசவத்துக்கு 3, 4 எண்டு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு, அதுக்குக் குடும்பத்தைப் பாக்கிறதில பெரிசா அர்த்தமில்லை. இருமுட்டைதான் குடும்பத்தில ஓடுறது, ஏனெண்டா ஒரு மாசத்தில ரெண்டு முட்டை வெளிய வாறது அந்தப் பொம்பிளையின்ட சூலகத்தின்ட (முட்டை உருவாகிற இடம்) வேலை, அதுக்கு முட்டையை வளர வைக்கிற எஃப்எஸ்எச் எண்டுற ஓமோனோட சம்பந்தமிருக்கு, அதோட தொடர்பான மரபணுக்களை 2016ல கண்டுபிடிச்சும் வைச்சிருக்கினம். ஒரு பொம்பிளையின்ட தாய்க்கோ கூடப்பிறந்த அக்கா தங்கச்சிக்கோ இருமுட்டை இரட்டை பிறந்திருந்தா அவவுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வயசு 35 தாண்டினாலும் கூடும், பிள்ளை தங்குறதுக்கு எடுக்கிற மருந்தாலயும் கூடும். (ஒட்டின வாழைப்பழம் சாப்பிட்டா வாய்ப்பு ஏறாது, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ.)

புருசன்ட பக்கத்தில எத்தின இரட்டை இருந்தாலும் மனுசிக்கு எத்தின முட்டை வரும் எண்டதை அது மாத்தாது. ஆனா அவர் அந்த மரபணுவைத் தன்ட மகளுக்குக் குடுக்கலாம், பிறகு மகளுக்கு இரட்டை பிறக்கலாம். ஊரில "ஒரு தலைமுறை விட்டுத்தான் வரும்" எண்டு சொல்லுறது இதைப் பாத்துத்தான், கட்டாயம் விட்டுத்தான் வரும் எண்டில்லை. இப்ப சொல்லுங்கோ, "சகோதர" எண்டுற சொல்லுக்குள்ள இதில ஒண்டாவது தெரியுதோ?

மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு இன்னுமொண்டு. "இரட்டையர் குடும்ப வரலாறு உண்டா" எண்டு எழுதாதேங்கோ, கேக்கிற சனம் பூர்வீகம் சொல்ல வெளிக்கிட்டிடும். மிட்வைஃப் மிஸ்மார் கேக்கிற மாதிரியே எழுதுங்கோவன்: "அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ இரட்டைப் பிள்ளை பிறந்ததோ?"