‘டிரிம்மர்’ என்று எழுதியிருந்தால் அவசரப்படாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் பணியாளர் ஒப்பந்தங்களை, அதாவது பணியாளர்களின் பெயர், பதவி, சம்பளம் எழுதிய பட்டியல்களைப் படித்து, குடும்ப வரலாறு தேடுவோருக்கு விளக்குவது என் தொழில். வருகிறவர்களில் பலர், கொள்ளுத்தாத்தா மேல்தளத்தில் நின்று சுக்கான் பிடித்திருப்பார் என்றே நம்பி வருகிறார்கள். பதவிப் பத்தியில் ‘ஃபயர்மேன்’, ‘டிரிம்மர்’ என்று கரி அள்ளும் வேலையைக் கண்டதும் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. பெரிய பயணிகள் கப்பல்களில் மேல்தள மாலுமிகளைவிட எஞ்சின் பகுதியிலும் பயணிகள் சேவையிலும் இருந்தவர்களே அதிகம்.

குனார்ட் கப்பல் நிறுவனத்தின் ‘பிரிட்டானியா’ 1840-இல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 டன் நிலக்கரி எரித்தது. அதே நிறுவனத்தின் ‘அம்ப்ரியா’ 1884-இல் வந்தபோது அது 300 டன் அளவுக்கு ஏறிவிட்டது. அத்தனையும் கையால் அள்ளிப் போட்டதுதான். கரிக் கிடங்கின் இருட்டுக்குள் நின்று, கட்டிகளை உடைத்து, தள்ளுவண்டியில் உலைவாய் வரை கொண்டுவந்து சேர்ப்பவர் டிரிம்மர். ஒரு பக்கத்துக் கரி மட்டும் தீர்ந்து கப்பல் சாயாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. பயணம் நீள நீளக் கிட்டத்தில் இருந்த கரி தீர்ந்து, தள்ள வேண்டிய தூரம் கூடும். உலையில் கரி போட்டு, நீண்ட இரும்புக் கம்பியால் நெருப்பைக் கிளறி, உருகி இறுகிய கசடை இழுத்தெடுப்பவர் ஃபயர்மேன். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று இரவும் பகலும் இது சுழலும். வெப்பம் தாளாமல் கடலில் குதித்தவர்களும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். ‘லாம்ப் டிரிம்மர்’ என்பவர் வேறு ஆள். எண்ணெய் விளக்குகளையும் திரிகளையும் பராமரிக்கும் மேல்தளப் பணியாளர் அவர். கையெழுத்து மங்கி முதல் சொல் தெரியாவிட்டால், பக்கத்து வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பிரிவு வாரியாகவே பெயர் எழுதுவார்கள். மேலும் கீழும் ஃபயர்மேன்கள் இருந்தால் அவர் கரிக்காரர்தான். சம்பளப் பத்தியையும் ஒப்பிடுங்கள்.

பெண்களின் பெயரும் வரும், பெரும்பாலும் பயணிகளைக் கவனிக்கும் ‘ஸ்டூவர்டஸ்’ என்ற பதவியில். கடலில் இறந்த பணியாளரின் மனைவிக்கு இந்த வேலை கிடைப்பது வழக்கம். மேரி ஆன் ரோஜர்ஸின் கணவர் அப்படிக் கடலில் இறந்தவர். 1899 மார்ச் 30 அன்று ‘ஸ்டெல்லா’ கப்பல் காஸ்கெட்ஸ் பாறையில் மோதி மூழ்கியபோது, அதில் ஸ்டூவர்டஸாக இருந்த மேரி தன் மிதவைக் கச்சையைப் பயணிக்குக் கொடுத்துவிட்டு அவரும் இறந்தார். சவுத்தாம்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்தப் பதவியை வெறும் பணிப்பெண் வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.

கேப்டன், அவருக்கு அடுத்த அதிகாரியான மேட் ஆகியோருக்கு 1850 முதலும் எஞ்சினியர்களுக்கு 1862 முதலும் தகுதிச் சான்றிதழ் முறை வந்ததால், அவர்களைச் சான்றிதழ் எண் வழியாகப் பின்தொடரலாம். கரி அள்ளியவருக்கு அந்த வசதி இல்லை. மாலுமிகளின் மையப் பதிவேடும் 1857-இல் நிறுத்தப்பட்டு 1913-இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது பெரும்பாடு. கப்பல் தெரிய வேண்டும். அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடிக் கேட்கிறேன்: பயணம் முடிந்து பணியாளர் விடுவிக்கப்படும்போது தந்த பழைய பணிவிடுப்புச் சீட்டு வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். அதில் கப்பலின் அதிகாரபூர்வ எண் இருக்கும். கப்பலின் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது.

எண் கிடைத்ததும், 1863-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களுக்கு முதலில் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். எஞ்சியவற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 1865, 1875 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கு மட்டும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள்.

பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பல்களில் செராங், திண்டல் என்ற தலைமைகளின் கீழ் வேலை செய்த, லாஸ்கர்கள் எனப்பட்ட இந்தியப் பணியாளர்களுக்குத் தனி ஒப்பந்தம். ஐரோப்பியப் பணியாளர் பட்டியலில் பெயர் காணோம் என்று தேடலை நிறுத்திவிடாமல், அதே பயணத்தின் லாஸ்கர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.