லாகில் ‘மெமரி’ என்று பார்த்ததும் ரேமைக் கழற்றாதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. ‘லாகில் மெமரி எரர் வருகிறது, நான்கு ரேமையும் மாற்றிவிட்டோம், இன்னும் நிற்கவில்லை’ என்று ஒரு நிர்வாகி கூப்பிட்டார். லாகை, அதாவது சர்வர் நடப்பதை எழுதிவைக்கும் பதிவை, அனுப்பச் சொன்னேன். அதில் இருந்தது ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்’ என்ற வரி. இதற்காக ராத்திரி முழுக்க சர்வரை நிறுத்தி, நல்ல ரேமைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். அது ரேம் கெட்ட செய்தி அல்ல, ரேமில் இடம் தீர்ந்த செய்தி. இடம் எங்கும் கிடைக்காதபோது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் ஒரு பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுகிறது. அந்த வரிக்கு மேலேயே எந்த பிராசஸ் எவ்வளவு பிடித்து வைத்திருந்தது என்ற பட்டியல் இருக்கும். அதில் ஆர்எஸ்எஸ் எண், அதாவது அந்த பிராசஸ் ரேமில் பிடித்த இடம், பக்கக் கணக்கில் (மெமரியைப் பங்கிடும் சிறு துண்டுகளில்) வரும்; சாதாரண எக்ஸ்86 சர்வரில் 4 கேபியால் பெருக்கிப் பாருங்கள், விழுங்கியது யார் என்று தெரிந்துவிடும். வரியில் ‘மெமரி சிகுரூப்’ என்றும் இருந்தால், தீர்ந்தது கன்டெய்னருக்கு (தனியே அடைத்து ஓடவிட்ட புரோகிராமுக்கு) கொடுத்த வரம்பு. சர்வரில் பாதி ரேம் சும்மா கிடக்கும்போதும் அது வரும். ‘பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4’ என்பதும் அப்படித்தான். தொடர்ச்சியாக 16 பக்கம், அதாவது 64 கேபி, ஒரே துண்டாகக் கிடைக்கவில்லை. இதில் எதற்கும் ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

ரேமைச் சந்தேகிக்க வேண்டிய வரியில் ‘ஹார்டுவேர் எரர்’ என்றோ ‘ஈடாக் எம்சி0’ என்றோ இருக்கும். ஈடாக் என்பது லினக்ஸில் மெமரிப் பிழைகளைக் கண்டு சொல்லும் பகுதி; எம்சி0 முதல் மெமரி கன்ட்ரோலர். அதிலும் சிஇ-யா யூஇ-யா என்று முதலில் பாருங்கள். சிஇ என்றால் ரேமின் பிழைதிருத்தும் வசதியான இசிசி திருத்திவிட்ட பிழை, தரவு கெடவில்லை. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான டிம்களில் (ரேம் பலகைகளில்) இது தென்பட்டது. எப்போதோ ஒன்று வந்தால் குறித்து வையுங்கள், போதும். ஒரே டிம்மில் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் மாற்றத் திட்டமிடுங்கள். யூஇ என்றால் திருத்த முடியாத பிழை, காத்திருக்காதீர்கள்.

சரி, பொய்ச் செய்தியே கிடையாதா? உண்டு. பழைய ஏஎம்டி கே8 சர்வர்களில் ‘கார்ட் டிஎல்பி எரர்’ என்று லாக் நிரம்பும். ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதிப்படி நடக்காத சில பிசிஐ கார்டுகள் இல்லாத பேரிட்டி பிழையை (தரவுச் சரிபார்ப்புப் பிழையை) சொல்லும். அதிகம் குழப்புவது இன்னொன்று. சில சர்வர்களில் மெமரிப் பிழையை முதலில் பயாஸே, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளே, எடுத்துக்கொள்ளும். அங்கே ஈடாக் டிரைவரும் பிழை பதியும் அதே ரெஜிஸ்டரைப் படித்தால், ஒருவர் படித்து அழித்ததை மற்றவர் தவறவிடுவார்; பிஎம்சி (சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப்) லாகும் லினக்ஸ் லாகும் ஒத்துப்போகாது. பயாஸை அப்டேட் செய்து, தயாரிப்பாளர் சொல்லும் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பொய் என்று முடிவுகட்டி, ஈடாக் மாட்யூலை பிளாக்லிஸ்டில் போட்டு, ஏறவிடாமல் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிஎம்சி அதே பிழைகளைப் பதிகிறதா என்று பார்க்காமல் வாயை அடைத்தால், அடுத்து வரும் யூஇ-க்கு முன்னறிவிப்பே இருக்காது.

‘மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட்டினேன், சுத்தம்’ என்றும் சொல்கிறார்கள். இசிசி ரேமில் அது பெரிய சான்று இல்லை. ஒற்றை பிட் பிழையை, சோதனை புரோகிராம் பார்ப்பதற்கு முன்பே ஹார்டுவேர் திருத்திவிடும். ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் ராஸ்டீமனை ஓடவிட்டு, சிஇ எண்ணிக்கையை ஸ்லாட் வாரியாகப் பாருங்கள். அப்புறம் சந்தேகப்படும் டிம்மை நல்ல டிம்மோடு இடம் மாற்றுங்கள். பிழை டிம்மோடு நகர்ந்தால் டிம் கெட்டது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட்டையோ பிராசஸர் சாக்கெட்டின் ஊசிகளையோ பாருங்கள். எல்லா ரேமையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இந்தத் தடயம் போய்விடும்.

கூப்பிடும்போது திரையைப் படம்பிடித்து ஒரு வரியை மட்டும் அனுப்பாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் 200 வரிகளை அப்படியே அனுப்புங்கள். அந்த நிர்வாகி முதல் நாளே அப்படி அனுப்பியிருந்தால், பட்டியலில் 41 ஜிபி பிடித்து உட்கார்ந்திருந்த பேக்கப் பிராசஸை, சர்வரைத் திறப்பதற்கு முன்பே காட்டியிருப்பேன்.