நுவரெலியாவுல பியர் ஏன் இவ்வளவு பொங்குது, அதை எப்படி கலக்கணும்

ஏப்ரல் சீசனுக்கு கொழும்புல இருந்து வர்றவங்க பியரையும் காருலயே போட்டு கொண்டு வருவாங்க, ரம்பொடை வளைவெல்லாம் சுத்தி ஆடி ஆடி வந்த போத்தலை ரூமுக்குள்ள வந்ததும் வராததுமா திறந்தா பாதி மேசையில தான் போகும். ஆடினதால தான் அப்படினு சொல்லுவாங்க. அது சரி தான், ஆனா மலைக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

ஒரு லீட்டர் பியர்ல சுமாரா 5 கிராம் காபனீரொட்சைட்டு கரைஞ்சு கிடக்குது. மூடி இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற அமுக்கம் அதை வெளிய விடாது. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரம், இங்க காத்தோட அமுக்கம் கொழும்புல இருக்கிறதுல 80 வீதம் தான் வரும். வெளிய அமுக்கம் குறைஞ்சா குமிழி பெருசாகும், அதே அளவு கேஸ் இங்க கால்வாசி கூட இடம் பிடிக்குது. அதனால அதே பியரை அதே கிளாஸ்ல அதே மாதிரி ஊத்தினாலும் நுரை இங்க கூட தான்.

குளிர் நம்ம பக்கம் நிக்குது. 30 பாகையில ஒரு லீட்டர் தண்ணி கிட்டத்தட்ட 1.25 கிராம் கேஸை தான் பிடிச்சு வைக்கும், 15 பாகைனா 2 கிராம் (ரெண்டும் கடல் மட்ட கணக்கு). அமுக்கம் குறையுறதுக்கு 20 வீதம் கழிச்சாலும் பிரிட்ஜ்ல வைக்காத நுவரெலியா பியர், பிரிட்ஜ்ல வைக்காத கொழும்பு பியரை விட கேஸை நல்லா பிடிச்சுக்கும். 1881ல ஆரம்பிச்ச சிலோன் ப்ரூவரி பியகமவுக்கு இறங்கி போக முந்தி ரொம்ப காலம் இங்க தான் இருந்துச்சு, இந்த குளிர்ல லாகர் (குளிர்ல புளிக்க வைக்கிற பியர்) காய்ச்சினவங்க மேல எனக்கு கொஞ்சம் பொறாமை தான்.

சாராய காக்டெய்ல்னா ஐஸ் போட்டு குலுக்கலாம், பியர்ல அந்த வேலையே ஆகாது. பியர் காக்டெய்ல்ல நம்ம செய்றது எல்லாமே கேஸை காப்பாத்துற வேலை. போத்தல் ஆடும்போது கழுத்துல இருக்கிற கேஸ் பொடி பொடி குமிழியா உடைஞ்சு பியருக்குள்ள போகுது, அப்பவே திறந்தா அந்த ஒவ்வொரு பொடி குமிழியும் ஊதி பெருசாகி பியரையும் இழுத்துட்டு மேல வருது. நிமிர்த்தி வச்சு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து திறங்க, அதுக்குள்ள அதெல்லாம் மேல ஏறி போயிரும்.

ஈசியானது ஷாண்டி, பாதி லாகர் பாதி ஜிஞ்சர் பியர் (பேர்ல தான் பியர், அது வெறி இல்லாத இஞ்சி சோடா). இதுல எதை முதல்ல ஊத்துறதுங்கிறது தான் விஷயம். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி இருக்கிற சோடா, வெறும் தண்ணியை விட 4 வீதம் பாரம், லாகர் 1 வீதம் அளவு தான். பியரை முதல்ல ஊத்தி சோடாவை மேல இருந்து மெதுவா விட்டா பாரமானது தானா கீழ இறங்கிக்கிட்டே கலந்துரும், கரண்டியே தேவையில்ல. மாத்தி செஞ்சா பியர் மேல மிதக்கும், பாக்க வடிவா இருக்கும், குடிக்க முதல்ல கசப்பு கடைசியில வெறும் சீனித்தண்ணி.

கிளாஸையும் பாருங்க. ஒரே இடத்துல இருந்து நூல் பிடிச்ச மாதிரி குமிழி வரிசையா மேல போகும், அந்த இடத்துல அனேகமா துடைச்ச துணியோட ஒரு பொடி நார் ஒட்டியிருக்கும். நாருக்குள்ள மாட்டின காத்துல தான் குமிழி பிறக்குது. அதனால துடைக்காம பச்சைத்தண்ணியில அலசி ஈரத்தோடயே எடுங்க, கிளாஸும் சில்லுனு ஆகும். சவர்க்காரம் மிச்சம் இருந்தா நுரை நிக்காது, வடை சாப்பிட்ட எண்ணெய் உதட்டுக்கும் அதே கதை. நுரையை தாங்குறது பார்லியோட புரதமும் ஹொப்ஸுங்கிற பூவோட கசப்பும் சேர்ந்து போடுற தோல், எண்ணெய் பட்டா அது கிழிஞ்சிரும்.

தேசிக்காய் சேக்கிறதுனா வடிச்சு ஊத்துங்க, சக்கை குமிழியை கிளப்பி விடும். உப்பும் அப்படித்தான், பியர்ல போட்டா குபீர்னு பொங்கும், அது ரசாயன மாற்றம் ஒண்ணும் இல்ல, உப்புக்கல்லோட சொரசொரப்புல கேஸ் பிரிஞ்சு வருது, அவ்வளவு தான். ஆனா உப்பு கசப்பை அமத்தும், விடவும் மனசில்ல. மெக்சிக்கோவுல மிச்சலாடானு தேசிக்காய் விட்ட பியர் காக்டெய்ல் செய்றவங்க உப்பை கிளாஸ் விளிம்புல தான் தடவுறாங்க. நம்ம அன்னாசிக்கு தூவுற உப்பு மிளகாய்த்தூளையே தடவுங்க, அருமையா இருக்கும்.

ஸ்டவுட்டுக்கு (கறுப்பு பியர்) இனிப்பா கித்துல் பாணி சேக்கலாம், ஆனா அது இந்த குளிர்ல இறுகி அடியிலயே உக்காந்துக்கும். கொஞ்சம் சுடுதண்ணியும் தேசிக்காய் சாறும் விட்டு இளக்கி, ஆறினதும் ரெண்டு விரல் அளவு ஸ்டவுட் ஊத்தி அதை மட்டும் கலக்குங்க, மிச்சத்தை கிளாஸை சாய்ச்சு ஓரமா விடுங்க. கேஸ் போறது அந்த ரெண்டு விரல்ல மட்டும் தான்.

நாக்குல சுள்ளுனு அடிக்கிறது குமிழி குத்துறதுனு தான் எல்லாரும் நினைக்கிறோம். முக்கியமா அது அமிலம். காபோனிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு நொதியம் நாக்குல இருந்துக்கிட்டு கேஸை காபோனிக் அமிலமா மாத்துது, நரம்பு அதை தான் எரிச்சலா சொல்லுது. உயர நோய்க்கு அசெட்டசோலமைட் மாத்திரை போட்டு மலை ஏறுறவங்களுக்கு பியர் சப்புனு போயிரும், மாத்திரை அந்த நொதியத்தை நிப்பாட்டிருதே. பீதுருதாலகால மலையே 2524 மீட்டர் தான், நமக்கு அந்த மாத்திரை தேவைப்படாது. ஜிஞ்சர் பியர்ல இருக்கிற இஞ்சியோட காரம் மிளகாய் சுடுற அதே வழியால வர்றது, ரெண்டு எரிச்சலும் ஒண்ணா சேர்றதால தான் ஷாண்டிக்கு அந்த எடுப்பு.

வெறி கணக்கு லேசு. 4.8 வீத லயன் லாகரை பாதிக்கு பாதி கலந்தா 2.4. லயன் ஸ்டவுட் 8.8, அதை பாதியாக்கினாலும் 4.4, அதாவது கலக்காத லாகர் கிட்ட வந்துருது, இனிப்பா இருக்கேனு சோடா மாதிரி இழுத்துறாதீங்க. போயாவுக்கு (பௌர்ணமி நாள்) சாராயக்கடை பூட்டு, முதல் நாளே வாங்கி குளிர்ற மூலையில நிமிர்த்தி வைங்க, ஆடினதும் அதுக்குள்ள அடங்கிரும்.