பிடித்த பிரேக் ஏன் விடுவதில்லை?

பிரேக் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுகிறோம். பிடித்த பிரேக் முழுசாக விடவில்லை என்றால் மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். மைலேஜ் குறைந்தால் பெட்ரோல் மீது சந்தேகம் போகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பார்க்கிறோம். கடைசியில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும்போதுதான் விஷயம் தெரிகிறது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய மாருதி 800, ஜென், சான்ட்ரோ போன்ற வண்டிகளில் இது அடிக்கடி வரும் கோளாறு. இவற்றில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடிப்பது), பின்சக்கரத்தில் டிரம் பிரேக் (சுழலும் உருளையை உள்ளிருந்து பிடிப்பது).

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பது பலருக்கும் தெரியும். பெடலை மிதித்தால் பூஸ்டர் அந்த விசையைக் கூட்டுகிறது, மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது, அந்த அழுத்தம் குழாய் வழியே டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பருக்குப் போய், அதிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடு என்ற உரசு கட்டையை டிஸ்க் மீது அமுக்குகிறது. சரி, காலை எடுத்த பிறகு பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? டிரம்மில் அதற்கென்று ஸ்பிரிங் இருக்கிறது. காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

அந்த வளையத்தின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். காலிப்பர் துளையின் சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து, பிஸ்டனைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். பிஸ்டன் வெளியே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பு அதோடு ஒட்டிக்கொண்டு சாய்கிறது. அழுத்தம் போனதும் வளையம் நிமிர்கிறது; நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் தூரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பேடு தேய்ந்தால் பிஸ்டன் வளையத்துக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னால் போய்விடும். இடைவெளி மட்டும் மாறாது. ஆயில் கசியாமல் தடுப்பதும் இதே வளையம்தான். சில ரூபாய் ரப்பரில் மூன்று வேலையை முடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் இரண்டு விசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிஸ்டனைத் தள்ளுவது பல நூறு கிலோ எடைக்குச் சமமான விசை. திருப்பி இழுப்பது வெறும் ரப்பரின் நிமிர்வு. பிஸ்டன் மேல் லேசாகத் துரு படிந்திருந்தாலும் போகும்போது அது தடையே இல்லை; வரும்போது அதுவே போதும், பிஸ்டன் நின்றுவிடும். அதனால்தான் பெடலில் ஒரு வித்தியாசமும் தெரியாமல் பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறது.

துரு வருவதற்கு இரண்டு வழி. பிஸ்டனின் வாயை மூடியிருக்கும் தூசி உறை கிழிந்தால் மழைத் தண்ணீரும் சேறும் வெளியிலிருந்து உள்ளே போகும். இன்னொரு வழி ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. டாட் 3, டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. அந்த ஈரம் உள்ளிருந்தே துருவைக் கொண்டுவரும், ஆயிலின் கொதிநிலையையும் குறைக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உரசும் பிரேக் சூடாகும், சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அழுத்தத்தைக் கடத்தாது, பெடல் தரையைத் தொடும். விடாத பிரேக், பிடிக்காத பிரேக்காக மாறுவது இப்படித்தான்.

முதலில் எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும். சமதளச் சாலையில் அதிகம் பிரேக் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாக உருண்டு நிற்க விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். இடதையும் வலதையும்தான் ஒப்பிட வேண்டும், முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. அப்புறம் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேடு லேசாக உரசும் சத்தம் வரலாம். ஆனால் ஒரு கையால் சுற்ற வர வேண்டும்.

இனி வரும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாமல் பாகங்களை மாற்றும் செலவை இது மிச்சப்படுத்தும். பெடலை இரண்டு முறை அழுத்திக் காலை எடுத்துவிட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறிய திருகு) டியூப் மாட்டி, ஸ்பேனரால் அரைச் சுற்று திறக்கவும். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், காலிப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. திறந்த பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால் கோளாறு காலிப்பரில்தான்.

அழுத்தம் அடைபட்டிருந்தால் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மீது. பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் ஊதியோ பிய்ந்தோ வழியை அடைத்திருக்கும். காலின் விசை ஆயிலை அந்த வழியே தள்ளிவிடும். திரும்பி வர அப்படி ஒரு விசை இல்லை. ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே திறந்தும் சக்கரம் விடவில்லை, நிப்பிளில் திறந்தால்தான் விடுகிறது என்றால் ஹோஸை மாற்ற வேண்டும். ஒன்று போயிருந்தால் எதிர்ப்பக்க ஹோஸுக்கும் அதே வயதுதான், ஜோடியாக மாற்றுவது நல்லது.

ஒரு சக்கரம் மட்டுமல்லாமல் பல சக்கரங்கள் சேர்ந்து இறுகினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு நுண்ணிய துளை உண்டு. சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். பெடலில் கொஞ்சமும் தளர்வு இல்லாவிட்டாலோ, பூஸ்டர் ராடு நீளமாக வைக்கப்பட்டிருந்தாலோ மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காது, அந்தத் துளை மூடியே கிடக்கும். காலையில் வண்டி நன்றாக ஓடும், போகப் போக இறுகும், ஆறினால் சரியாகிவிடும். யாராவது தவறுதலாக என்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் இதே நிலை வரும். அப்போது ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயில் தொட்ட எல்லா ரப்பரையும் மாற்றியாக வேண்டும்.

காலிப்பரைக் கழற்றினால் முதலில் அது நகரும் இரண்டு பின்களைப் பாருங்கள். பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. காலிப்பர் இந்தப் பின்களில் வழுக்கினால்தான் மறுபக்கப் பேடும் ஒழுங்காக வேலை செய்யும். ஒரு பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் இந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும், சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரைக் கெடுக்கும்.

பிஸ்டனைக் கம்ப்ரசர் காற்றால் தள்ளக் கூடாது; விரல் நசுங்கும் வேகத்தில் பாய்ந்து வரும். மரத்துண்டு வைத்துப் பெடலை மிதித்தே மெல்ல வெளியேற்றலாம். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் புதிது வாங்குங்கள். பலரும் கவனிக்காத இடம் வளையம் உட்காரும் பள்ளம். அங்கே படிந்த துரு வளையத்தை உள்ளே தள்ளிப் பிஸ்டனை நெருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் புது ரப்பர் கிட் போட்டால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். பெட்ரோலிலும் டீசலிலும் கழுவும் பழக்கத்தை ஒர்க்‌ஷாப்காரர்கள் விட வேண்டும். பிரேக் கிளீனர் போதும், பூட்டும்போது புது பிரேக் ஆயிலைத் தடவுங்கள்.

பின் டிரம்மில் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள்தான் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கும். கேபிளைத் தளர்த்தியதும் சக்கரம் சுற்றினால் அதுதான். மழைக்காலத்தில் பல நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவே அதோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எல்லாம் பூட்டி, ஏர் எடுத்து (ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி) முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல முறை மிதியுங்கள். உள்ளே தள்ளி வைத்த பிஸ்டன் பேடை எட்டும்வரை முதல் சில மிதிகளுக்குப் பிரேக் இருக்காது.