யானைக்கு இரண்டு மணி நேரம் போதும், நமக்கு?

டர்பன் துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்துச் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்புகிறவர்களில் சிலர், நாலு மணி நேரத் தூக்கமே தமக்குத் தாராளம் என்பார்கள். பெருமை பேச உண்மையில் உரிமையுள்ள பிராணி யானைதான்.

ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மாங்கரும் சக ஆய்வாளர்களும், போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் இரண்டு தலைவி யானைகளின் தும்பிக்கையில் தோலுக்கடியே அசைவை அளக்கும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். விழித்திருக்கும் யானையின் தும்பிக்கை சும்மா இருக்காது. ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று கணக்கு. 35 நாட்கள் கண்காணித்து 2017இல் வெளியிட்ட முடிவு: நாளுக்குச் சராசரி 2 மணி நேரம். அதுவும் பெரும்பாலும் நின்றபடியே, விட்டு விட்டு. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறைதான் படுத்துத் தூங்கின.

கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும், நின்றுகொண்டே அதை அனுபவிக்க முடியாது. ஆகவே யானைக்குக் கனவு தினமும் வாய்ப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நினைவுகளை உறுதிப்படுத்துவதே கனவுத் தூக்கத்தின் வேலை என்ற கருத்துக்கு இது சங்கடம். யானையின் ஞாபகசக்தியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லையே!

எனக்கு அதைவிட வியப்பானது வேறொன்று. ஏதோ தொந்தரவால் 46 மணி நேரம்வரை தூங்காமல் இருந்தபோதும், அடுத்த நாள் அவை கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டவில்லை.

நம்மால் அது ஆகாது. மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீளக் கண் சொக்குகிறது. தூங்கினால்தான் அது வடியும். காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் அடினோசின் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறதே தவிர, சேர்ந்ததைக் குறைப்பதில்லை. குடித்து ஐந்து மணி நேரமானாலும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, பகலில் கற்றதும் பதிகிறது; கோழித்தூக்கம் போட்டு இதை ஈடுசெய்ய முடியாது.

இரவு ஷிப்ட்காரருக்கு இன்னொரு தடை, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சமே அதற்கு நேரம் சொல்கிறது. டிசம்பரில் டர்பனில் காலை ஐந்துக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே, "பகல் வந்துவிட்டது" என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது. எவ்வளவு களைத்திருந்தாலும் முற்பகலில் விழிப்புத் தட்டுவது அதனால்தான். வரும் வழியில் கறுப்புக் கண்ணாடியும், படுக்கையறையில் தடித்த திரைச்சீலையும் ஓரளவு உதவும்.